ஆறு பென்சென் கோழிகள்

ரூபினி வீட்டை விட்டுப் போனது 2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதே கால் மணி. குருண் ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் தாமான் குடியிருப்பில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான், அதுவும் மெல்லியது. பக்கத்து வீட்டில் பெட்டியை இழுத்தால் எங்கள் வீட்டுக் குசினியில் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அம்மாவும் நானும் வாசலுக்கு வந்தோம்.

ரூபினி இரண்டு பைகளை வெள்ளைக் காடியின் பின்னால் ஏற்றினாள். பிறகு, கால் கட்டிய ஆறு பழுப்புக் கோழிகளைக் கொண்டுவந்து அவள் அப்பா பரஞ்சோதியின் முன்னால் சிமெண்டுத் தரையில் கிடத்தினாள்.

“தின்னுட்டு முட்டை போடாத கோழின்னு ஏழு மாசமா சொன்னீங்களே. இந்தாங்க, எனக்குப் பதிலா ஆறு. பத்தொன்பது வார வெடக்கோழிங்க, இன்னும் கொஞ்ச நாள்ல போடும்னு லோரிக்காரன் சொன்னான். என்னைக்குப் போடுதோ அன்னைக்குச் சொல்லுங்க. நான் வர்றேன், வந்து பொரிச்சுச் சாப்பிடுறேன்.”

“எங்கடி போற?”

“வேலைக்கு.”

பரஞ்சோதி மாமா ஒரு அடி முன்னால் வைத்தார். காடிக்குள் ஸ்டீரிங் பிடித்திருந்த இஸ்ஸதி, ரூபினியோடு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்த மலாய்ப் பெண், கைப்பேசியைத் தூக்கிக் கண்ணாடி வழியாக அவரைப் படம் பிடித்தாள். மாமா நின்றுவிட்டார். காடி போய்விட்டது. அவிழ்த்துவிட ஆளில்லாமல் கோழிகள் வெயிலில் கிடந்தன.

“எல்லாம் பென்சென் கோழி” என்றாள் அம்மா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

முட்டைப் பண்ணையில் ஒன்றரை வருடம் கூண்டுக்குள் நின்று முட்டை போட்டு ஓய்ந்த கோழிகளைச் செவ்வாய்தோறும் ஒரு லோரி எங்கள் பக்கம் கொண்டுவரும். சனங்கள் அதற்கு வைத்த பெயர் பென்சென் கோழி. விலை மலிவு, கறி நார் மாதிரி இருக்கும், குழம்பு மட்டும் ருசியாக வரும். வெட்டப்பட்ட அலகு, கம்பியில் உரசி மயிர் உதிர்ந்த கழுத்து, வெளுத்த கொண்டை. இவற்றைப் பார்த்தால் எங்கள் தெருவில் குழந்தைகூடச் சொல்லிவிடும். பரஞ்சோதி மாமாவுக்குத் தெரியவில்லை. பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் பால்மரம் வெட்டியவர், கோழி என்றால் லயத்து வீடுகளுக்குப் பின்னால் தானாக மேயும் நாட்டுக்கோழிதான் அவருக்குத் தெரியும். தோட்டம் கைமாறி லயத்தை இடித்த பிறகுதான் இங்கே வந்தார்; ஓட்டுத் தொழிற்சாலையில் பாரம் ஏற்றினார்; அறுபது வயதில் அதுவும் நின்றது. பண்ணைக் கோழிகள் இளசிலேயே இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

மனைவி இறந்தபோது ரூபினிக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து மாமா அவளை வளர்த்தது சைக்கிள் டியூபால். மெல்லிய சுவர் என்று சொன்னேன் அல்லவா. அம்மா எத்தனையோ தடவை அவர் வாசலில் நின்று, “அண்ணே, போதும்ணே, விட்டுருங்கண்ணே” என்று கெஞ்சியிருக்கிறாள். “உன் புள்ளையா? போய்ச் சோத்த வடி” என்று கதவைச் சாத்துவார். இருபத்துமூன்று வயதில் ரூபினி பட்டர்வொர்த்தில் வேலை கிடைத்து விடுதிக்குப் போனாள். இரண்டே மாதத்தில் மாமா அவளுக்குப் போன் அடித்து, நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன் என்றார். அவள் வேலைச் சட்டையோடு பேருந்து ஏறி ஓடிவந்தாள். மாமா ஜைனல் பாய் தேத்தண்ணிக் கடையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தார். அவள் கழுத்தில் தொங்கிய தொழிற்சாலை அட்டையைப் பிடுங்கி, கடைக்காரரின் சாம்பார் வாளிக்குள் போட்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு நான்கு வருடம் அவள் அவர் கண்ணெதிரே, கூப்பிடு தூரத்தில் இருந்த கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே ஆள் குறைத்தபோது முதல் பட்டியலிலேயே அவள் பெயர் இருந்தது. ஏழு மாதம் வீட்டில் இருந்தாள். ஏழு மாதமும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அந்தக் கோழிப் பேச்சு.

நான் அப்போது திரும்பி வந்து மூன்று வாரம். ஆறு வருடம் ஆஸ்திரேலியாவில் பழம் பறித்து, கப்பல் குசினியில் கோப்பை கழுவி, ஜார்ஜியாவில் ஒரு குளிர்காலம் முழுக்க விடுதி அறைகளைக் கூட்டிவிட்டு வந்திருந்தேன். அடுத்து எங்கே என்று யோசித்துக்கொண்டிருந்த என்னைக் காட்டித்தான் மாமா நம்பிக்கை வைத்தார்.

“நீ ஆறு வருஷம் சுத்திட்டு வந்தியா இல்லையா பாப்பா? அவளும் வருவா. முட்டை போட்டதும் வருவா. வாயால சொல்லிட்டுப் போயிருக்கா.”

அவருக்கு அந்தச் சொல் போதுமாக இருந்தது. அவள் எண் மாறவில்லை, அவர் அழைத்தால் மணி அடிக்கும், அவள் எடுக்கமாட்டாள். வேறு வழி இல்லாததால் கோழிகள் முட்டை போட்டே ஆகவேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் பழைய தகரத்தில் கூண்டு கட்டினார். தோட்டத்திலிருந்து கொண்டுவந்த, ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளில் தண்ணீரும் தீனியும் வைத்தார். மகளுக்கு ஒரு நாளும் தட்டில் சோறு போட்டுப் பார்த்திராத மனிதர், கோழிக்கு நெத்திலித் தலையை அம்மியில் இடித்துத் தவிட்டில் பிசைந்தார்.

கோழிகள் ஒரு மாதத்தில் இருந்த மயிரையும் உதிர்த்துவிட்டு நின்றன. கூண்டுக்குள் தலையணை கிழிந்த மாதிரி கிடந்தது. முட்டை மட்டும் இல்லை.

தினமும் காலையில் ஜைனல் பாய் கடைக்குப் போவார். கடை நெடுஞ்சாலை ஓரத்தில், தொழிற்சாலைப் பேருந்துகள் நிற்கும் இடத்தில் இருந்தது. ஜைனல் பாய்க்கு ஐம்பத்தைந்து வயது, கையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே வாயால் ஆளைப் பொரிப்பார்.

“என்னண்ணே, மகராணிங்க மனசு வச்சாங்களா?”

“இன்னும் இல்ல பாய்.”

“பயம்ணே அதுங்களுக்கு. புது எடம். ரேடியோ போட்டு வைங்க. பழைய பாட்டாப் போடுங்க, புதுப் பாட்டு சூடு.”

மறுநாள் கூண்டுக்குள் ரேடியோ பாடியது.

“வெந்தயம் ஊற வச்சுக் குடுங்கண்ணே.” கொடுத்தார். கோழிகள் கழிந்தன.

“பிங்பாங் பந்து போட்டு வைங்க. அத முட்டைன்னு நெனச்சுப் பக்கத்துல ஒண்ணு போடும்.” இது உண்மையிலேயே ஊரில் செய்வதுதான். பாய் தன் பேரனின் பந்தையே கொடுத்தார். ஒரு மாதம் அந்தப் பந்தைக் கோழிகள் கூண்டெல்லாம் கொத்தி உருட்டின. கடையில் வேலை செய்யும் அமிருல், மலாயில் மாமா என்றழைத்துத் தினமும் கேட்பான்: “பாக்சிக், யார் ஜெயிச்சா இன்னைக்கு?”

கடை முழுக்கச் சிரிக்கும். மாமாவும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக. அவர் முகத்தைப் பார்த்து யாருக்கும் பாவமாக இருக்கவில்லை. எனக்கும்தான். சாம்பார் வாளி அந்தக் கடையில் இன்னும் அதே ஆணியில்தான் தொங்கியது.

அம்மா மட்டும் கேலி செய்யவில்லை. காளியம்மா என்றால் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், கோழி விஷயத்தில் அவள் கை தப்பாது. கோழியைக் கவிழ்த்துப் பிடித்து, வாலுக்குக் கீழே இரண்டு எலும்புக்கு நடுவில் விரல் வைத்துப் பார்ப்பாள். ஒரு விரல்கூட நுழையாவிட்டால் முட்டை இல்லை. இரண்டு விரல் தாராளமாகப் போனால் இன்றோ நாளையோ போடும். மாமா கேட்டபோதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, “இல்லண்ணே” என்று ஒரே சொல்லில் திரும்பிவிடுவாள்.

“ஏம்மா, பென்சென் கோழின்னு சொல்லிடேன்” என்றேன் ஒருநாள்.

“நான் ஏன் சொல்லணும்? பொண்ணு குடுத்துட்டுப் போன சீதனம் அது. வச்சு அனுபவிக்கட்டும்.”

மூன்று மாதம் ஆனது. ஜூன் நடுவில் கோழிகளுக்குப் புது மயிர் முளைத்துப் பளபளப்பு வந்திருந்தது. கொண்டை கொஞ்சம் சிவந்திருந்தது. மாமாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவர் பொறுமை தீர்ந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வேலிக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டார்.

“காளியம்மா, நம்ம லயத்துப் பின்னால அந்தப் பலா மரம் காய்க்காம நின்னுச்சே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“நான் கத்தி எடுத்துட்டுப் போனேன். உன் புருஷன் வந்து கையப் புடிச்சான். மறு வருஷம் அடிமரத்துலேருந்து காய்ச்சுச்சு.”

தோட்டத்தில் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. காய்க்காத மரத்தின் முன்னால் ஒருவர் கத்தியோடு போய், வெட்டப் போகிறேன் என்று சத்தம் போடுவார். இன்னொருவர் ஓடிவந்து கையைப் பிடித்து, விட்டுவிடுங்கள், அடுத்த வருடம் காய்க்கும் என்று மரத்துக்காகக் கெஞ்சுவார். மரம் பயந்துபோய்க் காய்க்கும்.

“அது மரம்ணே” என்றாள் அம்மா.

“உசிரு உசிருதான். நாளைக்கு வெள்ளிக்கிழம. காலையில ஏழு மணிக்கு வா. நான் கத்தியத் தூக்குனதும் நீ கையப் புடி. ‘விட்டுருங்கண்ணே, அடுத்த மாசம் போடும்’னு சொல்லு. மத்த அஞ்சு கோழியும் பாக்குற மாதிரி நில்லு. சரியா?”

அம்மா எதுவும் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா ஆறே முக்காலுக்கே போய்விட்டாள். நான் பின்னால் போனபோது அவள் கூண்டுக்குள் குனிந்து ஒரு கோழியைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். மாமா குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு பாராங்குக் கத்தியோடு வந்தார். அம்மா கையில் இருந்த கோழியையே வாங்கி, வெட்டுப் பலகையில் வைத்துக் கழுத்தை நீட்டிப் பிடித்தார்.

“எத்தன மாசம் தின்ன? தின்னுட்டுத் தின்னுட்டு உக்காந்திருக்கியா? இன்னைக்கு வெட்டிர்றேன் உன்ன!”

நிஜமாகவே உரக்கக் கத்தினார். இதே வார்த்தைகளை இதே குரலில் நான் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறேன். பாராங்கு மட்டும்தான் புதிது. அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“காளியம்மா.”



“காளியம்மா, சொல்லு லா.”

“நான் சொன்னா நீங்க விட்ருவீங்களாண்ணே?” என்றாள் அம்மா. “எத்தனையோ தடவ உங்க வாசல்ல நின்னு சொன்னேன். ஒரு தடவையாச்சும் விட்டிருக்கீங்களா?”

மாமாவின் கை மேலேயே நின்றது. கோழி காலை உதறியது. தூக்கிய கத்தியை யாரும் பிடிக்காமல் கீழே வைத்தால் மரம் சிரிக்கும் என்று தோட்டத்தில் சொல்வார்கள். அவர் மற்ற ஐந்து கோழிகளையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வெட்டினார்.

கோழியைக் கழுவி அறுத்தது அம்மாதான், அவர் வீட்டுப் பின்புறக் குழாயடியில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. வயிற்றுக்குள் கைவிட்டு வெளியே இழுத்தாள். மஞ்சள் கருக்கள் கொத்தாக வந்தன. கடுகு அளவு, பட்டாணி அளவு, கோலிக்குண்டு அளவு, கடைசியில் முழு அளவில் இரண்டு.

மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இது என்னைக்குப் போட்டிருக்கும்?”

“நாளைக்கு. இல்லாட்டி மறுநாள்.”

அந்தக் கொத்தை வாங்கி ஒரு பால் மங்கில் போட்டு வீட்டுக்குள் எடுத்துப் போனார். கறி வேண்டாம் என்றுவிட்டார். நாங்கள் சமைத்தோம். இரண்டு மணி நேரம் வெந்தும் பல்லில் மாட்டியது. சாப்பிடும்போது அம்மாவிடம் கேட்டேன்.

“காலையில வெரல் வச்சுப் பாத்தியே. உனக்குத் தெரியுமா?”

“ரெண்டு வெரல் போச்சு” என்றாள் அம்மா. குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உண்மை உடைந்தது. மாமா கடையில் உட்கார்ந்து, தான் அவசரப்பட்டு முட்டைக்கோழியை வெட்டிவிட்டதாகச் சொன்னார். ஜைனல் பாய் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தினார். மூன்று மாதம் அடக்கிவைத்ததை அவரால் அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை.

“அண்ணே, முட்டைக்கோழியா? அது பென்சென் கோழிண்ணே! ஒலகத்துக்கே தெரியும். லோரிக்காரன்கிட்ட உங்க மக என்ன கேட்டுச்சு தெரியுமா? ‘இனிமே முட்டையே போடாதது எது? அதுல ஆறு குடுங்க’ன்னு கேட்டுச்சாம். அவன் இங்க ஒக்காந்துதான் சொல்லிச் சிரிச்சான்.”

கடை சிரித்தது. பிறகு மெல்ல மெல்ல ஓய்ந்தது, ஏனென்றால் மாமா எழுந்து போகவில்லை. தேத்தண்ணியை முழுதாகக் குடித்து முடித்தார்.

“அப்ப அது வெடக்கோழி இல்ல. பால் வத்துன மரம்” என்றார்.

“என்னமோ ஒரு மரம்.”

“வத்துன மரத்துல மருந்து தடவித் தடவி வெட்டுனா பட்ட செத்துரும் பாய். நான் அதத்தான் செஞ்சிட்டிருந்தேன். கத்தி வைக்காம ஓய்வு குடுத்தா தானா ஊறும். முப்பத்தோரு வருஷம் பாத்திருக்கேன்.”

வீட்டுக்கு வந்து ரேடியோவைக் கழற்றினார். முட்டைக்காகக் கூண்டில் விடிய விடிய எரியவிட்ட பல்பைக் கழற்றினார். பிங்பாங் பந்தை வேலிக்கு வெளியே எறிந்தார். தீனி, தண்ணீர், கொஞ்சம் இடித்த சிப்பி. அவ்வளவுதான். கூண்டுப் பக்கம் போய் நின்று பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார். தன் வாழ்க்கையில் அவர் ஒரு உயிரைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவைத்த ஒரே காலம் அந்த மூன்று வாரம்தான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 8, சனிக்கிழமை காலை அவர் எங்கள் வாசலில் நின்றார். உள்ளங்கையில் ஒரு முட்டை. ஓட்டில் ஒரு சின்ன மயிர் ஒட்டியிருந்தது, இன்னும் சூடு ஆறவில்லை.

“பாத்தியா காளியம்மா? பாத்தியா?”

பழுப்பு நிறம், நல்ல பெரிய முட்டை. அம்மா அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“பாப்பா, போட்டோ புடி. அவளுக்கு அனுப்பு” என்று தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். ரூபினி வேண்டுமென்றே போடாத கோழியாகக் கேட்டு வாங்கினாள் என்பது இப்போது அவருக்குத் தெரியும். அதனாலேயே அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி இருந்தார். “சொன்ன சொல்ல மாத்த முடியாதுல்ல? வந்துதானே ஆகணும்?”

படம் எடுத்தேன். எடுத்த பிறகுதான் கவனித்தேன், அந்த மயிர் காற்றில் பறந்துவிட்டிருந்தது. திரையில் தெரிந்தது கடைகளில் தட்டுத் தட்டாக அடுக்கி விற்கும் முட்டைதான். ஒரு வித்தியாசமும் இல்லை. எப்படி இருக்கும்? அந்த முட்டைகளைப் போடும் அதே பண்ணைக் கோழிகள்தானே இவை. நாட்டுக்கோழியாக இருந்திருந்தால் சின்னதாக, வெளுப்பாகப் போட்டிருக்கும், பார்த்தவுடன் நம்பியிருக்கலாம்.

அனுப்பினேன். பத்து நிமிடத்தில் இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை.

அன்று மத்தியானம் அம்மாவின் கைப்பேசிக்கு ரூபினியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவள் போன பிறகு வந்த முதல் செய்தி. ‘அத்தை, அப்பா முட்டை படம் அனுப்பியிருக்காரு. நெஜமாவே போட்டுச்சா? நீங்க சொன்னா நான் நம்புறேன்.’

அம்மா அதை இரண்டு முறை படித்தாள். கைப்பேசியைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

“என்னம்மா, பதில் போடலையா?”

“என்னான்னு போட? போட்டுச்சுன்னு சொன்னா வந்துருவா. ரோஷக்காரி, வாக்கு தவறமாட்டா. போடலைன்னு சொன்னா பொய்.”

“அவரு மாறியிருந்தா?”

“போய்ப் பாத்துட்டு வா.”

போனேன். மாமா ரூபினியின் அறையைக் கழுவிவிட்டிருந்தார். கட்டிலுக்குப் புது விரிப்பு, சன்னலுக்குத் திரை. மேசை விசிறியைத் துடைத்து வைத்திருந்தார். வாசல் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கதவில் ஒரு தாழ்ப்பாள் பொருத்திக்கொண்டிருந்தார். பெரிய இரும்புத் தாழ்ப்பாள். கூண்டுக்கும் அதே மாதிரி ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். இதைக் கதவின் வெளிப்பக்கத்தில் பொருத்தினார்.

“வெளிய எதுக்கு மாமா தாப்பா?”

“காத்துக்கு அடிச்சுக்குது பாப்பா” என்றார் திரும்பாமல். “வந்தவ மறுபடியும் எங்கயும் போவக்கூடாதுல்ல.”

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் செய்திக்குப் பதில் எழுதுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. என்னிடமும் ரூபினியின் எண் இருந்தது. நானும் எழுதவில்லை.

கோழிகள் போட்டுக்கொண்டே இருந்தன. ஐந்தில் நான்கு, நாள் தவறாமல். மாமா ஒரு முட்டையைக்கூடத் தின்னவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. வந்து பொரித்துச் சாப்பிடுகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அட்டைத் தட்டுகளில் அடுக்கி, பென்சிலால் ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, அவள் அறையில் கட்டிலுக்கடியில் வைத்தார். செப்டம்பரில் நாற்றம் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஜைனல் பாய் கடையில் முதலில் வியந்தார்கள், பிறகு, “அண்ணே பாசார்ல வாங்கி வந்து கூண்டுல வைக்கிறாரு” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அது அவர்களுக்கு வசதியாக இருந்தது. பென்சென் கோழி முட்டை போட்டது என்பதைவிட, பரஞ்சோதி பொய் சொல்கிறார் என்பது நம்பச் சுலபம்.

“காளியம்மாவக் கேளுங்க! அவ கையில குடுத்தேன், சூடா!” என்று கத்துவார் மாமா.

அவர்கள் அம்மாவைக் கேட்டார்கள். “எனக்கென்ன தெரியும்” என்றாள் அம்மா.

வாரத்துக்கு ஒருமுறை அவர் என்னிடம் கைப்பேசியை நீட்டுவார். புதுப் படம், அதே முட்டை. நீலக் கோடு விழும். “படிச்சிட்டா” என்பார். “படிச்சிட்டால்ல, யோசிக்கிறா.” அடுத்த வருடம் கோழிகள் ஒவ்வொன்றாகப் போடுவதை நிறுத்தின. ஒன்று வெயிலில் செத்தது. இரண்டை நாய் பிடித்தது. மீதி இரண்டையும் அவர் வெட்டவில்லை. கத்தியைத் தொடுவதே இல்லை. அவை கூண்டுக்கு வெளியே, அவர் நாற்காலிக்கடியில் படுத்துக் கிடந்தன. உள்ளே அந்த அறைக்கதவில் தாழ்ப்பாள் துருப்பிடிக்கத் தொடங்கியது. ஆளில்லாத அறையை மாமா வெளியிலிருந்து தாழிட்டே வைத்திருந்தார், நாற்றம் வராமல் இருக்க.

முதல் முட்டைக்கு ஒரு வருடம் நான்கு மாதம் கழித்து, நவம்பரில் ஒரு நாள் காலை, நான் மறுபடியும் கிளம்புவதற்காகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். மாமா வேலி தாண்டி ஓடிவந்தார். கைப்பேசியை என்னிடம் நீட்டினார். ரூபினி எழுதியிருந்தாள். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் எழுதுவது போல ஆங்கில எழுத்தில் தமிழ். அவருக்குப் படிக்க வராது.

“படி பாப்பா. சத்தமாப் படி. எந்தப் பஸ்ல வர்றாளாம்?”

அம்மா குசினி வாசலில் வந்து நின்றாள். நான் ஒரு முறை மனதுக்குள் படித்துப் பார்த்தேன். மாற்றிப் படித்திருக்கலாம். எதையும் விடாமல் உள்ளபடியே படித்தேன்.

‘அப்பா, இனிமே முட்டை போட்டோ அனுப்பாதீங்க. மொத படத்துலயே தெரிஞ்சிருச்சு அது கடை முட்டைன்னு. அந்தக் கோழிங்க போடாதுன்னு கேட்டுத்தான் வாங்கினேன். அன்னைக்கு ஆஸ்பத்திரின்னு கூப்பிட்டீங்க, ஓடி வந்தேன். இந்தத் தடவ முட்டை. இருந்தாலும் ஒருவேளை நெஜமா இருக்குமோன்னு பையத் தூக்கி வாசல்ல வச்சிட்டு அத்தைகிட்ட கேட்டேன். ரெண்டு நாள் பை வாசல்லயே இருந்துச்சு. அத்தை பதில் போடல. உங்களுக்காகப் பொய் சொல்ல அவங்களுக்கே மனசு வரல. அப்பவே பைய உள்ள எடுத்து வச்சிட்டேன். கோழிங்க உசிரோட இருந்தா கறி வச்சுச் சாப்பிடுங்க. ரொம்ப நேரம் வேக வைக்கணும்.’